இரவுகளை எண்ணி வாங்கிய ஷெங்கன் விசா

பாரிஸ் வழியாக ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்பது எங்கள் திட்டம். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளைத்தான் ஷெங்கன் நாடுகள் என்கிறார்கள்; பிரான்ஸும் இத்தாலியும் அவற்றில் அடக்கம். இத்தாலிக்கு விண்ணப்பிக்க முன்பதிவு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி, முகவர் எங்கள் தாள்களைப் பிரான்ஸுக்குக் கொடுத்துவிட்டார். ‘ஷெங்கன் எல்லாம் ஒன்றுதானே சார்!’ என்பது அவர் வாதம். சில நாட்களில் தாள்கள் திரும்பி வந்தன.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் கால் வைக்கும் நாடு. நல்ல வேளையாக இது நிராகரிப்பு அல்ல. அந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பொறுப்பு தனக்கு இல்லை என்று ஒரு தூதரகம் அதைத் திருப்பித் தரும்போது விசா கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். முகவரின் கூலி மட்டும் போனது போனதுதான்.

பிறகு எல்லாவற்றையும் நானே செய்தேன். தேதி, ஊர், விடுதி, ரயில் என ஒவ்வோர் இரவையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாக எழுதினேன். விடுதிப் பதிவுகளும் அலுவலக விடுப்புக் கடிதமும் அதே தேதிகளைச் சொல்லும்படி பார்த்துக்கொண்டேன். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லுபடியாக வேண்டும். முன்பதிவு நேரம் அதிகாலையில் பார்த்தபோது கிடைத்தது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கோடை நெரிசலுக்கு முன்பே தேடத் தொடங்குவது நல்லது.

இத்தாலி விசா வந்தது. பாரிஸில் இறங்கவும் அதுவே போதுமானதாக இருந்தது.