‘ரிக்வெஸ்ட்’ எழுதும்போது தமிழ் செய்யும் குறும்பு

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், மேலாளருக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். நான்கே வரி. மூன்று இடங்களில் ‘ரிக்வெஸ்ட்’, மூன்றிலும் பிழை. அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. தமிழ் நன்றாகத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

முதல் வரி, ‘ஐ ரிக்வெஸ்ட் டு கிராண்ட் மீ லீவ்’. ‘விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியிருக்கிறார். தமிழில் யாரைக் கேட்கிறோம் என்று சொல்லாவிட்டாலும் குறையில்லை. அளிப்பவர் வேறொருவர் என்பதை ‘அளிக்குமாறு’ என்ற சொல்லே காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ‘ஐ ரிக்வெஸ்ட் டு லீவ் எர்லி’ என்றால் சீக்கிரம் கிளம்பப்போவது நான்தான். அந்தக் கணக்கில், தம்பி தனக்குத் தானே விடுப்பு வழங்கிக்கொள்ள அனுமதி கேட்கிறார்! நடுவில் ஒரு ‘யூ’ போட்டால் தீர்ந்தது: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்’. பள்ளியில் மனப்பாடம் செய்த லீவ் லெட்டரில் இந்த ‘யூ’ பத்திரமாக இருந்தது. வேலைக்கு வந்ததும் எங்கே தொலைகிறதோ!

அடுத்தது, ‘ஐ ரிக்வெஸ்டட் டு மை டீம் லீடர்’. இது ‘இடம்’ என்ற உருபின் வேலை. ‘அவரிடம் கேட்டேன்’ என்றே பழகிய மனம், ஆளுக்கு முன்னால் ஒரு ‘டு’வைத் தேடுகிறது. இந்த வினைக்கு அது வேண்டாம். ‘ரிக்வெஸ்டட் மை டீம் லீடர் டு...’ என்று ஆளை நேராகவே சொல்லலாம். கேட்ட பொருளை முன்னால் வைத்தால், ஆளுக்கு முன் ‘ஃப்ரம்’ வரும்: ‘ரிக்வெஸ்டட் எ லெட்டர் ஃப்ரம் மை டீம் லீடர்’.

மூன்றாவது, ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் அப்ரூவல்’. படித்தவர்கள் கடிதங்களிலும் இது தாராளமாகக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே பெயர்ச்சொல்லாக வந்துவிட்டது. வினையானது 16ஆம் நூற்றாண்டில். ‘ஃபார்’ பெயர்ச்சொல்லோடு சேர்வது. ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. வினையாக எழுதும்போது ‘ஐ ரிக்வெஸ்ட் யுவர் அப்ரூவல்’ போதும். ‘ஆஸ்க்’ என்ற வினைக்கு ‘ஃபார்’ தேவைப்படுவதால் இங்கும் அது ஒட்டிக்கொள்கிறது.

‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ‘தயவுசெய்து’ வாக்கியத்தில் எங்கே நின்றாலும் எதிராளியின் தயவையே குறிக்கும். ‘கைண்ட்லி’ அப்படியல்ல, பக்கத்தில் இருக்கும் வினையோடு ஒட்டிக்கொள்ளும். ‘கனிவோடு கேட்கிறேன்’ என்று நம்மை நாமே மெச்சிக்கொள்வதாகக் கூர்ந்து படிப்பவருக்குத் தோன்றலாம். எடுத்துவிடுங்கள், மரியாதை குறையாது.

‘தட்’ சேர்த்து எழுதினால் பின்னால் வரும் வினை மாறாமல் நிற்கும்: ‘ஐ ரிக்வெஸ்ட் தட் ஹி பி கிவன் லீவ்’. அங்கே ‘இஸ்’ போடாதீர்கள்.

திருத்திய கடிதத்தைத் தம்பி வாங்கிக்கொண்டார். கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தார்: ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு ரிப்ளை’. இலக்கணம் சுத்தம். ஆனால் ‘பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று ரயில் நிலைய ஒலிபெருக்கி சொல்லும் தொனி அது. மேலாளருக்குப் போகும் கடிதம் என்பதால் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.