கன்ஸ்ட்ரிக்ட், டைட்டன், நேரோ: குழப்பம் தீர்ந்த விதம்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கையில் ‘கன்ஸ்ட்ரிக்ட்’ (constrict) என்ற ஆங்கிலச் சொல் மூன்று நாளாகப் படுத்தியது. ரத்தக்குழாய்க்குப் பொருந்திய சொல்லைத் திருகாணிக்கும் சாலைக்கும் போட்டால், திருத்துநரிடமிருந்து சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது.

அகராதியில் ‘இறுக்கு, சுருக்கு’ என்றுதான் இருந்தது. ஒத்தசொல் பட்டியல் இன்னும் குழப்பியது.

தீர்த்து வைத்தது ஒரே கேள்வி: உடலுக்குள் அதன் வழியே ஏதாவது போகிறதா? ரத்தமோ மூச்சோ போகும் குழாய் சுருங்கினால் கன்ஸ்ட்ரிக்ட். திருகாணி, பெல்ட், விதிமுறை என்றால் டைட்டன் (tighten). சாலை, இடைவெளி, தேர்வுப் பட்டியல் என்றால் நேரோ (narrow). கண்ணில்தான் தடுமாற்றம் வரும். கண்மணி ஒளி நுழையும் துளை, ஆகவே கன்ஸ்ட்ரிக்ட்; இமையை இடுக்கிப் பார்ப்பது நேரோ. மலைப்பாம்பு இரையை நெரிப்பதும் கன்ஸ்ட்ரிக்ட்தான். அந்த இறுக்கத்தில் ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

பலர் தவறவிடுவது இதை: தமிழில் ‘சுருங்கு’ தன்வினை, ‘சுருக்கு’ பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ‘குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும்’ என்பதற்கு ‘பிளட் வெசல்ஸ் கன்ஸ்ட்ரிக்ட் இன் த கோல்ட்’ போதும். நடுவே ‘ஆர்’ (are) சேர்த்து ‘கன்ஸ்ட்ரிக்டட்’ என்றால், பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் நிலையைத்தான் குறிக்கும். தேவையில்லாத அந்த ‘ஆர்’ என் வரைவில் ஏழு இடங்களில் இருந்தது. எடுத்தபின் சிவப்புக் கோடு வரவில்லை.