டாக்டிக்கல் ஆர்பிஜி கேம்களை நிதானமாக விளையாடப் பழகுவது எப்படி

டாக்டிக்கல் ஆர்பிஜி என்றால், ஒரு சிறிய படையைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, எதிரியோடு மாறி மாறி ஆடுகிற டர்ன் பேஸ்ட் கேம். அப்படி ஒன்றை ஆசையாக ஆரம்பித்து, மூன்றாவது மேப்பிலோ நான்காவது மேப்பிலோ (ஒரு சண்டைக்களம்தான் ஒரு மேப்) விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஏன் என்று கேட்டால், ரொம்ப மெதுவாகப் போகிறது, பிடித்த ஆள் செத்துப்போய்விட்டான், 90 சதவீதம் என்று காட்டிவிட்டு அடி தவறிவிட்டது, இப்படி ஏதாவது சொல்வார்கள். மூன்றும் நியாயமான புகார்கள்தான். நானும் இதே காரணங்களுக்காக இரண்டு முறை விட்டுவிட்டு மூன்றாம் முறை திரும்பி வந்தவன். வந்த பிறகுதான் புரிந்தது, இந்தக் கேம்களின் சுகமே அந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது. அதை எப்படி அனுபவிப்பது என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

இங்கே கை வேகத்துக்கு வேலை இல்லை. உங்கள் டர்ன் வந்தால் கேம் அப்படியே நின்று காத்திருக்கும், பத்து நிமிடம் யோசித்தாலும் ஒன்றும் சொல்லாது. அதனால் தோற்றால், பட்டனைத் தாமதமாக அழுத்திவிட்டேன் என்று தப்பிக்க முடியாது. ஜெயித்தால், அந்த வெற்றி முழுக்க முழுக்க நீங்கள் யோசித்து எடுத்தது. வழியே இல்லை என்று தோன்றிய நிலையில் ஒரு மூவைக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதில் கூடுதலாக, நகர்த்துகிற காய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, பத்து மேப்பாகக் கூடவே வந்த பழக்கம் இருக்கிறது.

எதில் ஆரம்பிப்பது? நேரம் குறைவு என்றால் 2018இல் வந்த இன்டு தி ப்ரீச். எட்டுக்கு எட்டு கட்டம், சதுரங்கப் பலகை அளவுதான். உங்களிடம் மூன்று ராட்சத இயந்திரங்கள், எதிரே பூச்சி மாதிரியான அரக்கர்கள். அவர்கள் அடுத்து எங்கே அடிக்கப் போகிறார்கள் என்பதைக் கேமே முன்கூட்டிக் காட்டிவிடும். கொல்லவேண்டும் என்றுகூட இல்லை, ஒரு கட்டம் தள்ளிவிட்டால் போதும், அவன் அடி பக்கத்தில் நிற்கிற அவன் கூட்டாளி மேலேயே விழும். உங்கள் அடி தவறுவது என்பதே கிடையாது, அதனால் யோசிக்கிற பழக்கத்தை இது வேகமாகக் கற்றுக்கொடுக்கும். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் பேட்டில் ஃபார் வெஸ்நாத், 2003 முதல் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துவருகிற, யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கேம், கம்ப்யூட்டரில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கதையும் மனிதர்களும் வேண்டும் என்பவர்களுக்கு 1990இல் ஜப்பானில் தொடங்கிய ஃபயர் எம்பளம் வரிசை. 2012இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்நோன் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் முதல் கேமாக வேண்டாம், ஆரம்பத்திலேயே பலமாக அடிக்கும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். புதிதாக ஆடுகிறவர்கள் டர்ன் வந்ததும் யாரை அடிக்கலாம் என்று தேடுவார்கள். நான் டர்னை முடித்த பிறகு என்னை யார் யார் அடிக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். ஃபயர் எம்பளத்தின் புதிய பாகங்களில் ஒரு பட்டனை அழுத்தினால் எதிரிகள் எல்லோரும் எட்டக்கூடிய கட்டங்கள் நிறம் மாறித் தெரியும். அந்த வசதி இல்லாத கேமில் ஒவ்வொரு எதிரியாகத் தேர்ந்தெடுத்து, அவன் எத்தனை கட்டம் நடப்பான், அதற்கு மேல் அவன் ஆயுதம் எத்தனை கட்டம் எட்டும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதல் சில நாள் அலுப்பாகத்தான் இருக்கும். பிறகு கண்ணே எண்ணிவிடும்.

அந்த எல்லை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லோரையும் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அடி தாங்கக்கூடிய ஒரே ஒருவரை மட்டும், ஒரே ஒரு எதிரியால் எட்டக்கூடிய கட்டத்தில் நிறுத்துங்கள். அவன் வருவான், அடிப்பான், உங்கள் ஆள் திருப்பி அடிப்பான், அடுத்த டர்னில் தனியாக வந்து மாட்டிக்கொண்டவனை நான்கு பேர் சேர்ந்து முடித்துவிடலாம். இந்த ஒரு பழக்கமே ஃபயர் எம்பளத்தின் பாதி மேப்களைத் தாண்டவைக்கும். மிச்சப் பாதியில், உள்ளே கிராமத்தைக் கொள்ளையடிக்க ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான், பின்னாலிருந்து புதிதாக ஒரு படை வரும், நீங்கள் ஆற அமரக் காத்திருக்க முடியாது. எப்போது பொறுமை, எப்போது பாய்ச்சல் என்று முடிவெடுப்பதில்தான் ஆட்டத்தின் உண்மையான ருசி.

நகர்த்துகிற வரிசையும் முக்கியம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எக்ஸ்காமில் எதிரிகள் கூட்டம் கூட்டமாகக் கண்ணில் படாத இடத்தில் இருப்பார்கள். உங்கள் பார்வையில் பட்டதும் ஓடி மறைவுக்குப் போக அவர்களுக்கு இலவசமாக ஒரு நகர்வு கிடைக்கும். டர்னின் முதல் ஆளை அனுப்பும்போது அவர்களைக் கண்டுவிட்டால், மிச்ச ஆட்கள் எல்லோரும் இன்னும் உங்கள் கையில் இருக்கிறார்கள். கடைசி ஆளை அனுப்பும்போது கண்டீர்களானால், திருப்பி ஒன்றும் செய்ய முடியாமல் முழு டர்னையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் புது இடத்தைப் பார்க்கப்போகிறவர் எப்போதும் முதலில், தெரிந்த இடத்துக்குள் நகர்கிறவர்கள் அப்புறம்.

அடுத்தது நிற்கிற இடம். எக்ஸ்காமில் பாதி மறைவுக்கு 20, முழு மறைவுக்கு 40 என்று எதிரியின் அடி படும் சதவீதத்திலிருந்து கழியும், எதிரி பக்கவாட்டில் வந்துவிட்டால் அந்த மறைவு இருந்தும் இல்லாததுதான். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் மேட்டிலிருந்து அம்பு விட்டால் அடி படுமா என்று பார்க்க உருட்டும் பகடை எண்ணில் 2 கூடும், கீழிருந்து மேலே விட்டால் 2 குறையும். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதுகூடக் கணக்கு, முதுகைக் காட்டினால் அடியைத் தவிர்ப்பது கடினம். எனக்கு மிகவும் பிடித்தது வெஸ்நாத்தின் பகல் இரவு. மனித அரசுப் படை போன்ற ஒழுங்கு பக்கத்து வீரர்கள் பகலில் 25 சதவீதம் கூடுதலாக அடிப்பார்கள், இரவில் அதே அளவு குறைவாக. ஓர்க் எனும் அரக்கர்களுக்கும் பிணப்படைகளுக்கும் இது அப்படியே தலைகீழ். மனிதப் படையோடு போய் இரவில் ஓர்க் கோட்டையை முட்டினால் படை கரைந்துவிடும். அந்தி சாய்கிற டர்னில் காட்டுக்கும் கிராமங்களுக்கும் பின்வாங்கி, இரவு முழுக்கத் தாங்கிக்கொண்டு, விடிந்ததும் இறங்கி அடிப்பதில் இருக்கிற நிறைவு வேறு எந்த வகை கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பின்வாங்குவதும் ஒரு மூவ்தான் என்பதை அது எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இனி அந்தச் சதவீதப் பிரச்சினை. 90 சதவீத அடி தவறினால் கேம் ஏமாற்றுகிறது என்று கோபம் வரும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 90 சதவீத அடிகள் ஐந்தும் தொடர்ந்து படுவதற்கான வாய்ப்பு 59 சதவீதம்தான். அதாவது ஐந்து அடியும் படும் என்று நம்பி ஒரு திட்டம் போட்டால், பத்து முறைக்கு நான்கு முறை அது உடையும். கேம் பொய் சொல்லவில்லை, நம் மனசு 90ஐ 100 என்று படித்துவிடுகிறது. சுவாரசியம் என்னவென்றால், சில கேம்கள் இந்த மனசுக்காகவே கணக்கை மாற்றியிருக்கின்றன. 2002 முதல் வந்த பல ஃபயர் எம்பளம் பாகங்களில் அடி படுமா என்று தீர்மானிக்க ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை உருட்டிச் சராசரி எடுப்பார்கள். திரையில் 90 என்று தெரிந்தாலும் நிஜத்தில் அது 98ஐத் தொடும், 10 என்று தெரிவது இரண்டுக்குப் பக்கத்தில் போய்விடும். அதில் பழகிவிட்டு எக்ஸ்காமுக்குப் போகிறவர்களுக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

செய்யவேண்டியது இதுதான். அடிக்கும் முன் படும் சதவீதத்தைப் பார்த்த கையோடு, தவறினால் என்ன ஆகும் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். தவறினாலும் உங்கள் ஆள் பிழைப்பான் என்றால் 60 சதவீத அடிகூட நல்ல அடி. தவறினால் அவன் போய்விடுவான் என்றால் 95 சதவீதமும் யோசிக்க வேண்டியது. அதேபோல், நிச்சயமாகப் பலிக்கிற வேலைகளைக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்காமில் கையெறி குண்டு தவறாது, மறைவையும் உடைக்கும். முதலில் துப்பாக்கியால் சுடுங்கள், பட்டால் குண்டு மிச்சம், படாவிட்டால் குண்டு இருக்கிறது. குண்டை முதலிலேயே வீசிவிட்டு மிச்சத்தை அதிர்ஷ்டத்திடம் விடுகிறவர்கள்தான் அடிக்கடி தோற்கிறார்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயம், ஆட்களை இழப்பது. ஃபயர் எம்பளத்தின் வழக்கமான முறையில் விழுந்தவர் விழுந்தவர்தான், அடுத்த மேப்பில் வரமாட்டார். ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸில் விழுந்தவர் தலைக்கு மேல் மூன்றிலிருந்து எண்ணிக்கை இறங்கும், அதற்குள் போய் எழுப்பாவிட்டால் நிரந்தரமாகப் போய்விடுவார். அவரைக் காப்பாற்ற வியூகத்தையே உடைத்துக்கொண்டு ஓடுவதா, எதிரியை முடிப்பதா என்று தவித்த டர்ன்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

நான் ஆரம்பத்தில் ஒவ்வொரு அடி தவறும்போதும் முன்பு சேமித்துவைத்த இடத்துக்கு (சேவ்) திரும்பிப்போய் லோடு செய்வேன். ஒரு மேப்பை இருபது முறை லோடு செய்து, ஒருவருக்கும் கீறல் விழாமல் முடித்திருக்கிறேன். முடித்ததும் ஒன்றும் தோன்றவில்லை, அந்த மேப்பில் என்ன நடந்தது என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு ஒரு ஃபயர் எம்பளம் ஆட்டத்தில், குணப்படுத்துகிற பெண்ணை ஒரு கட்டம் முன்னால் நிறுத்திவிட்டேன், எல்லையை எண்ணியதில் என் தவறு. குதிரைவீரன் ஒருவன் சுற்றிவந்து அவளை முடித்துவிட்டான். அன்றைக்கு ஏனோ லோடு செய்யவில்லை. அடுத்த ஆறேழு மேப் குணப்படுத்த ஆளே இல்லாமல், கையில் இருந்த மருந்துகளை எண்ணி எண்ணிச் செலவழித்து, யார் காயத்தோடு முன்னால் போகலாம் என்று ஒவ்வொரு டர்னும் கணக்குப் பார்த்து ஆடினேன். அந்த ஆட்டத்தை மட்டும் டர்ன் டர்னாக இன்றைக்கும் சொல்ல முடியும்.

அதற்காக எடுத்த எடுப்பில் அயர்ன்மேன் (பழைய சேவுக்குத் திரும்பவே முடியாத முறை) போடச் சொல்லவில்லை. நாற்பது மணி நேர ஆட்டம் ஒரு தப்பான பட்டனால் போனால் யாருக்கும் வெறுத்துவிடும். உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மேப்பின் தொடக்கத்தில் மட்டும் சேவ், நடுவில் லோடு கிடையாது, தோற்றால் அந்த மேப்பை முதலிலிருந்து. அல்லது ஒரு மேப்புக்கு ஒரு முறை மட்டும் திரும்பலாம். இன்டு தி ப்ரீச் ஒரு சண்டைக்கு ஒரு முறைதான் டர்னை மறுபடி தொடங்க விடும், 2019இல் வந்த ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ் குறைந்த எண்ணிக்கையில் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் வசதியைக் கதைக்குள்ளேயே கொடுத்தது. திரும்பும் வாய்ப்பு இருக்கலாம், அளவோடு இருந்தால் அதைச் செலவழிப்பதும் ஒரு முடிவாகிவிடும்.

ஆட்களை வளர்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஃபயர் எம்பளத்தில் ஆரம்பத்திலேயே ஒரு பலமான மூத்த வீரரைக் கொடுப்பார்கள், அவரை வைத்தே எல்லோரையும் வெட்டினால் அனுபவப் புள்ளிகள் எல்லாம் அவருக்கே போய், பத்து மேப் கழித்து உங்களிடம் ஒரு மூத்தவரும் எட்டுக் குழந்தைகளும் இருப்பார்கள். அவர் அடி வாங்கட்டும், எதிரியைப் பலவீனப்படுத்தட்டும், கடைசி அடியைச் சிறியவர்களுக்கு விடுங்கள். லெவல் ஏறும்போது எந்தத் திறன் கூடும் என்பதும் அதிர்ஷ்டம் சார்ந்தது, எனவே போன முறை சுமாராக இருந்தவன் இந்த முறை தூணாக நிற்பான். கையேட்டைப் பார்த்துச் சிறந்த ஆறு பேரை மட்டும் எடுக்காதீர்கள், முதல் ஆட்டத்திலாவது. உங்களுக்குப் பிடித்தவனை எடுங்கள், அவனைத் தேற்றிக் கொண்டுவருவதே தனி ஆட்டம்.

கடினத்தை, மூன்று நான்கு மேப்புக்கு ஒரு முறை தோற்கிற அளவில் வையுங்கள். ஒருமுறைகூடத் தோற்காவிட்டால் ஒரு படி ஏற்றுங்கள், ஒரே மேப்பில் ஐந்து முறை விழுந்தால் கூச்சப்படாமல் இறக்குங்கள். தூக்கக் கலக்கத்தில் ஆடவேண்டாம், நான் இழந்த ஆட்களில் பாதிப் பேர் நள்ளிரவுக்குப் பிறகு போனவர்கள். அப்புறம், ஒரு மேப்பில் தோற்றால் உடனே மறுபடி தொடங்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, ஆட்டம் எந்த டர்னில் கைமாறியது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது கடைசி டர்னாக இருக்காது. மூன்று டர்னுக்கு முன்னால், ஒரு ஆர்ச்சரை ஒரு கட்டம் அதிகமாக நகர்த்திய இடமாக இருக்கும். அந்தக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேப்பைத் திரும்பத் தொடங்குங்கள்.