விதையிலிருந்து மிளகாய்: குளிர்நாட்டு முறையைக் கோலாலம்பூருக்கு மாற்றிக்கொள்வது

கோலாலம்பூரின் அடுக்குமாடி வீட்டில் மிளகாய் வளர்க்க எண்ணுபவர் இணையத்தில் தேடினால், இங்கிலாந்து போன்ற குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளே பெரும்பாலும் கண்ணில் படும். ஜனவரி அல்லது பிப்ரவரியில் வீட்டுக்குள் விதைத்து, அடியிலிருந்து சூடேற்றும் தட்டில் முளைக்கவைத்து, தெற்கு நோக்கிய சன்னலோரத்தில் நாற்றை வளர்த்து, உறைபனி அச்சம் நீங்கிய மே இறுதியில்தான் வெளியே வைக்க வேண்டும் என்று அவை கூறும். கோடை குறுகிய நாட்டில் அதுவே சரியான முறை. நமக்கு வெப்பத்தில் குறையில்லை. மழையும் ஈரமும் வெயில் விழும் திசையுமே இங்கே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன.

முதலில் விதை. குலாய், மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி வெளியிட்ட எம்சி 11 போன்ற நீள மிளகாய் வகைகளும், சிறிய, காரம் மிகுந்த சிலி பாடியும் நம் வெப்பத்துக்குப் பழகியவை. பசாரில் வாங்கிய பழத்திலிருந்து விதை எடுப்பதானால், நன்கு சிவந்து பழுத்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும். அது கலப்பின வகையாக இருந்தால் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குடைமிளகாயைக் குளிர்ந்த கேமரன் மலைக்கே விட்டுவிடுவது நல்லது. இரவிலும் 24 பாகைக்குக் குறையாத வெப்பத்தில் அதன் பூக்கள் எளிதில் உதிர்ந்துவிடும்.

மிளகாய் விதை முளைக்க ஏற்ற வெப்பம் 25 முதல் 30 பாகை செல்சியஸ். இது நம் வீட்டில் தானாகவே அமைந்திருப்பதால் சூடேற்றும் தட்டு வீண் செலவு; இரவு முழுதும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் மட்டும் விதைத்தட்டை வைக்கக் கூடாது. நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்த்தூளுடன் சிறிது மட்கிய உரத்தைக் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, நீரைத் தெளித்து ஈரமாக வைத்திருந்தால் ஏழு முதல் பத்து நாள்களில் முளை தெரியும். சிலி பாடிக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். குளிர்நாட்டார் ஈரம் காக்கத் தட்டை மூடி வைப்பார்கள். இங்கே முளைத்த பிறகும் மூடியிருந்தால் தண்டின் அடி அழுகி நாற்றுகள் ஒரே இரவில் சாய்ந்துவிடும்; மூடிய தட்டை வெயிலில் வைத்தாலோ விதை வெந்துபோகும். தட்டின் அடியில் நீர் தேக்கி உறிஞ்சவிடும் முறையும் நமக்கு ஒத்துவராது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகும்; 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரியதும்கூட.

வெயிலின் திசையைப் பலரும் கவனிப்பதில்லை. கோலாலம்பூர் ஏறத்தாழ 3 பாகை வட அட்சத்தில் இருப்பதால், மார்ச் இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். ஆகவே தெற்கு நோக்கிய மாடம் ஜூனில் நிழலில் கிடக்கும். வடக்கு நோக்கியது டிசம்பரில் வெயிலை இழக்கும். கிழக்கு அல்லது மேற்கு மாடத்தில் ஆண்டு முழுதும் அரைநாள் வெயில் கிடைக்கும். ஏறத்தாழ ஆறு மணிநேர நேர்வெயில் இல்லாத இடத்தில் செடி உயரமாக வளருமே தவிர, காய் மிகக் குறைவாகவே வரும்.

கூரையில்லாத இடத்தில் வைப்பவர்கள் மழையைப் பார்த்து விதைக்க வேண்டும். தலைநகரில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. மே தொடக்கத்தில் விதைத்தால் ஒப்பீட்டளவில் வறண்ட ஜூலையில் செடி பூக்கும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே வறண்டவை என்பதால் அங்கே நவம்பரில் கூரைக்கடியில் விதைப்பது பொருத்தம். பழுக்கும் நேரத்தில் தொடர்மழை பெய்தால் காயில் வட்டவட்டமாகக் குழிந்த அழுகல் விழும்.

முதலில் தோன்றும் விதையிலைகளுக்குப் பின் நான்கைந்து உண்மையிலைகள் வந்ததும் நாற்றைப் பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். குளிர்நாட்டில் நாற்றை ஒரு வாரம் குளிருக்குப் பழக்குகிறார்கள். இங்கே அதே ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்க வேண்டும், காலை வெயிலில் ஒரு மணிநேரத்தில் தொடங்கி. மேல்மண் மூன்று, மட்கிய உரம் இரண்டு, மணல் ஒன்று என்ற கலவை போதுமானது. கத்தரியோ தக்காளியோ வாடிச் செத்த இடத்து மண்ணை மட்டும் எடுக்கவே கூடாது, ஏனெனில் வாடல் நோய்க் கிருமி அம்மண்ணிலேயே தங்கியிருக்கும். மழை உரத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால், இரு வாரங்களுக்கு ஒருமுறை 15:15:15 உரத்தைச் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு) சிறிதளவே இட்டு, பூத்தபின் 12:12:17க்கு மாறலாம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று பொதுவாகக் கொள்ளலாம். இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புநீரும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்கலாம். சிலந்திப்பேனுக்குக் கந்தகத் தூள் கரைசல் கூடுதலாகக் கேட்கும். இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகப் படர்ந்து செடி குறுகினால் அது அசுவினி பரப்பும் நச்சுயிரியாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தில்லை, தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

விதைத்து மூன்று, மூன்றரை மாதங்களில் முதல் சிவந்த பழத்தைப் பறிக்கலாம். பனிக்காலம் இல்லாததால் செடி ஓராண்டோடு முடிந்துவிடாது. காய்ப்பு தளர்ந்ததும் கிளைகளைப் பாதியாக வெட்டி, மேல்மண்ணில் புது உரம் கலந்தால் மீண்டும் துளிர்க்கும். அடுத்த நடவுக்கான விதையை நோயற்ற செடியின் பழத்திலிருந்து எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சிலிக்கா பொட்டலத்துடன் காற்றுப் புகாத புட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் விதை சில மாதங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கும்.