முன்னறிவு, சுதந்திரம், தீமை: விவாதிக்கும் முறை

எல்லாம் அறிந்த இறைவன் இருக்கையில் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது, தீமை எங்கிருந்து வந்தது என்று தொடங்கும் விவாதம், பெரும்பாலும் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பதே இதற்குக் காரணம். நடக்கப்போவதை இறைவன் அறிந்திருப்பதோடு மனிதச் சுதந்திரம் பொருந்துமா என்பது ஒரு கேள்வி; நடப்பவை யாவற்றையும் இறைவனே நிர்ணயிக்கிறானா என்பது இன்னொன்று; நல்லவனாகிய இறைவனின் உலகில் தீமை எப்படி நுழைந்தது என்பது மூன்றாவது. எதிரில் இருப்பவர் முதற்கேள்வியிலிருந்து இரண்டாவதற்கு நழுவும்போது, உடனே பதில் சொல்ல முனையாமல், இப்போது பேசுவது இறைவனின் அறிவைப் பற்றியா, ஆணையைப் பற்றியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுதந்திரம் என்று எதைக் குறிக்கிறோம் என்பதில் இருவரும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதே சூழ்நிலையில் வேறு விதமாகவும் செய்திருக்க முடிந்தால்தான் சுதந்திரம் என்பது ஒரு கட்சி. பிறர் வற்புறுத்தலின்றித் தன் விருப்பப்படி செய்தாலே போதும், அந்த விருப்பம் எங்கிருந்து வந்திருந்தாலும் சரி என்பது மறுகட்சி. இரண்டாம் கட்சியினருக்கு முன்னறிவால் பெரிய இடையூறு இல்லை. ஆனால் தாமே விரும்பி எப்போதும் நல்லதையே தேர்ந்தெடுக்கும் மனிதர்களை இறைவன் படைத்திருக்கலாமே என்று 1955இல் தத்துவவாதி ஜே. எல். மேக்கி எழுப்பிய கேள்வி அவர்கள் மீதுதான் முழு எடையோடு விழும்.

முன்னறிவு வாதத்தின் எளிய வடிவம் இது: நாளை ஒருவன் பொய் சொல்வான் என்று இறைவன் அறிவான், இறைவன் அறிந்தது நடந்தே தீரும், ஆகவே அவன் பொய் சொல்லியே தீர வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். நடக்காத ஒன்றை அறிந்ததாகச் சொல்ல முடியாது என்பதால், அறிவுக்கும் நிகழ்வுக்கும் இடையிலான தொடர்பு கட்டாயமானது. அதனால் நிகழ்வே கட்டாயமானது என்று ஆகிவிடாது. மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த ரோமத் தத்துவவாதி போயெத்தியுஸ் ஆறாம் நூற்றாண்டிலேயே இதைத் தெளிவுபடுத்தினார். ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று நான் அறிந்திருந்தால் அவர் அமர்ந்திருப்பது உறுதி. ஆயினும் என் அறிவு அவரை உட்கார வைக்கவில்லை.

இத்துடன் வென்றுவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். வாதத்துக்குக் கடினமான வடிவம் ஒன்று உண்டு. 1965இல் தத்துவவாதி நெல்சன் பைக் அதைக் கூர்மையாக்கினார். நேற்று நடந்து முடிந்ததை இன்று யாராலும் மாற்ற இயலாது. நாளைய பொய்யை இறைவன் நேற்றே அறிந்திருந்தால், அந்த அறிவும் நேற்றையது. அப்படியானால் பொய் சொல்லாமல் இருக்கும் ஆற்றல் அந்த மனிதனுக்கு உண்டு என்பது, தவறவே முடியாத இறைவனின் நேற்றைய அறிவை வேறாக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு என்பதில் போய் முடிகிறது. இறைவன் காலத்துக்கு அப்பாற்பட்டவன், அவனுக்கு நேற்று என்பதே இல்லை என்பது போயெத்தியுஸின் பதில். அந்த அறிவு நாளைய செயலைச் சார்ந்திருப்பதால், நடந்து முடிந்தவற்றோடு அதைச் சேர்க்கலாகாது என்பது பதினான்காம் நூற்றாண்டின் இறையியலாளர் ஒக்காம் வில்லியம் காட்டிய வழி. எந்தச் சூழலில் யார் தம் சுதந்திரத்தால் எதைச் செய்வார் என்பதைப் படைப்புக்கு முன்பே இறைவன் அறிவான் என்று 1588இல் வெளியான தம் நூலில் ஸ்பானிய இறையியலாளர் லூயிஸ் டி மொலினா வாதிட்டார். எதிர்காலம் திறந்திருக்கிறது, இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத செயலில் அறிவதற்கே ஒன்றுமில்லை என்போரும் இருக்கிறார்கள்.

எதிரியின் பதில் இவற்றில் எது என்று தெரிந்ததும், அதற்கு அடுத்த கேள்வியில் அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று பாருங்கள். என் கணிப்பில், இந்த விவாதத்தின் உயிர்நாடி இதுதான். மொலினாவின் வழி முன்னறிவையும் சுதந்திரத்தையும் ஒருங்கே காப்பாற்றுகிறது. ஆனால் இந்தச் சூழலில் இவன் கொலை செய்வான் என்று அறிந்தும் அந்தச் சூழலையே உண்டாக்கியது ஏன் என்ற கேள்வியை முன்னிலும் கூர்மையாக்கிவிடுகிறது. எதிர்காலம் திறந்திருக்கிறது என்பவருக்கு அந்தக் கேள்வி சற்றுத் தணிகிறது. தீர்க்கதரிசனங்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் ஏறுகிறது.

தீமையின் தோற்றத்தைப் பேசும்போதும், இந்தப் பதிலுக்கு என்ன விலை என்ற இதே கேள்வியைக் கேளுங்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிகேய சமயத்தைப் பின்பற்றிய கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன், தீமை ஒளியை எதிர்த்து நிற்கும் தனிப்பொருள் என்ற அச்சமயத்தின் கொள்கையைப் பின்னர் கைவிட்டு, அது நன்மையின் குறைபாடு என்றும் விருப்பம் நெறி தவறுவதே அதன் மூலம் என்றும் கொண்டார். நெறி தவறக்கூடிய விருப்பத்தைத் தந்தவன் யார் என்பது அவர் சந்திக்க வேண்டிய கேள்வி. இறைவன் பாரபட்சம் உடையவனா, இரக்கமற்றவனா என்ற ஆட்சேபத்துக்கு, அவன் உயிர்களின் வினைக்கேற்பவே படைக்கிறான் என்றும், அந்த வினைத்தொடர் அநாதியானது என்றும் பிரம்மசூத்திர உரையில் சங்கரர் விடை சொல்கிறார். சைவ சித்தாந்தமோ, செம்பில் களிம்புபோல ஆணவம் என்னும் மலம் (அழுக்கு) உயிரோடு தொடக்கமின்றியே கலந்திருக்கிறது என்கிறது; ஆகவே தீமையைப் படைத்த பழி இறைவனுக்கு இல்லை. இதற்கு விலை, இறைவன் படைக்காத ஒன்று என்றென்றும் இருந்துவருகிறது என்று ஏற்பதாகும். சித்தாந்தி அதைத் தயங்காமல் ஏற்பார். ஏதுமற்றதிலிருந்து அனைத்தையும் இறைவன் படைத்தான் என்னும் சமயத்தார் ஏற்க மாட்டார். அநாதி என்ற பதில் கேள்விக்கு விடையா, கேள்வி பிழையானது என்ற மறுப்பா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, இரண்டும் ஒன்றல்ல.

தீமை பற்றிய வாதங்களிலும் இருவகை உண்டு. இறைவனும் தீமையும் சேர்ந்திருப்பது முரண்பாடு என்பது ஒரு வகை. இதை மறுக்க, இரண்டும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரு சாத்தியத்தைக் காட்டினாலே போதும். 1974இல் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா சுதந்திரத்தை முன்வைத்துச் செய்தது அதைத்தான். சாத்தியம் என்று அவர் காட்டியதை உண்மைக் காரணம் என்று எடுத்தாள்வது பலர் செய்யும் பிழை. மற்ற வகை, இவ்வளவு தீமை இருப்பதால் இறைவன் இல்லாதிருப்பதே அதிகம் நம்பத்தக்கது என்கிறது. யாரும் பார்க்காத காட்டில் மின்னல் மூட்டிய தீயில் கருகி, பல நாள் துடித்துச் சாகும் மான்குட்டியை 1979இல் தத்துவவாதி வில்லியம் ரோ இதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தார். இங்கே எந்த மனிதனும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே மனிதச் சுதந்திரம் பற்றி அதுவரை திரட்டிய வாதங்களை அப்படியே இங்கே கொண்டுவர இயலாது. இறைவன் உண்டு என்பவரின் தரப்பில் பேசுவதானால், இந்த மான்குட்டிக்கு என்ன சொல்வீர்கள் என்பதைக் கேள்வி வருமுன்பே தயார் செய்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்பில் பேசுவதானால், காரணம் நமக்குத் தெரியவில்லை என்பதிலிருந்து காரணமே இல்லை என்பதற்கு எப்படி வந்தீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும்.