இன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்க வர்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்பு

வியாசர்பாடில சாயந்தரம் பசங்களுக்கு இன்ஃபர்மேட்டிக்ஸ் கிளாஸ் எடுக்கறேன், அதாவது தகவல எப்படி சேக்கறது, எப்படி கையாள்றதுங்கற படிப்பு. நான் பண்ண அதே தப்ப இவங்களும் பண்றாங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல. பேக்கப் எடுங்க, பாஸ்வேர்ட் பத்திரம், இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, விட்டுடறேன்.

கம்ப்யூட்டர்தான் பாடம்னு நினைக்கறது

இத நினைச்சா இன்னிக்கும் எரியுது. காசிமேடு பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல நோயாளிங்க ரிஜிஸ்டர சிஸ்டத்துல ஏத்த சொன்னாங்க, நானும் பேர், வயசு, தெரு, தேதின்னு தனித்தனி கட்டம் போட்டு 4000 பேரோட விவரத்த டைப் பண்ணி முடிச்சு பழைய நோட்ட கட்டி பரண்ல போட்டுட்டேன். மறுநாளே நர்ஸக்கா ஸ்கிரீன பாத்துட்டு, "தம்பி, அந்த செவப்பு வட்டம் எங்க?"ன்னாங்க. சில பேர சுத்தி செவப்பு பேனால வட்டம் இருந்துச்சு, கிறுக்கல்னு நினைச்சேன். பென்சிலின் ஒத்துக்காதவங்களாம் அவங்க! அந்தக்கா அன்னிக்கு பாக்காம விட்டிருந்தா யாருக்கு என்ன ஆயிருக்குமோ. மூணு வாரம் ராத்திரி உக்காந்து பக்கம் பக்கமா திரும்ப சரிபாத்தேன்.

இன்ஃபர்மேட்டிக்ஸ்ங்கற பேரயே பாருங்க. 1957ல ஜெர்மனில கார்ல் ஸ்டைன்பூக்னு ஒரு இன்ஜினியர் அத 'இன்ஃபர்மாட்டிக்'னு எழுதறப்போ, தகவல மெஷின் தானா கையாள்றதுக்குத்தான் அந்த பேர் வெச்சார். 1962ல பிரான்ஸ்ல பிலிப் டிரேஃபஸ், தகவல், தானியங்கிங்கற ரெண்டு சொல்ல ஒட்டி 'இன்ஃபர்மாட்டீக்' ஆக்கினார். ரெண்டு பேர்லயும் முன்னாடி நிக்கறது தகவல்தான், மெஷின் அப்புறம்தான் வருது. நான் தலைகீழா புரிஞ்சிக்கிட்டேன்.

அதனால புது பேட்ச் வந்தா ரெண்டு நாள் சிஸ்டம தொட விடமாட்டேன். பக்கத்து டைலர் அண்ணன் கிட்ட அளவு நோட்ட வாங்கி, எந்த கோடு எதுக்கு, எந்த புள்ளி யாருக்குன்னு அவர் கிட்டயே கேட்டு எழுதிட்டு வரச் சொல்வேன்.

எல்லா ஊர்லயும் ஒரே அர்த்தம்னு நம்பறது

சோவியத்ல 1966ல மிகைலோவ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் ஆளுங்களும் இதே பேர, அறிவியல் தகவல் எப்படி சேருது, எப்படி தேடி எடுக்கறது, எப்படி பரவுதுங்கற படிப்புக்கு வெச்சாங்க. நம்ம லைப்ரரிக்காரங்க வேலைக்கு ரொம்ப கிட்ட.

பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ்னா பயாலஜிக்கு சாஃப்ட்வேர் எழுதறதுன்னு சொல்றது

1970ல நெதர்லாந்து ஆராய்ச்சியாளருங்க ஹோகவெக்கும் ஹெஸ்பரும் அந்த சொல்ல கொண்டாந்தப்போ, உயிருக்குள்ள தகவல் எப்படி ஓடுதுன்னு படிக்கறதத்தான் சொன்னாங்க.

பேர மட்டும் பாத்து கோர்ஸ்ல சேர்றது

சிலபஸ கேட்டு வாங்கிப் படிங்க.