இலைப்பேனைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

திரிப்ஸ் எனப்படும் மிகச்சிறு பூச்சிக்கு வழங்கும் இலைப்பேன் என்ற பெயரே முதல் தவறுக்கு வழிவிடுகிறது. தலைப்பேனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது இலையில் மட்டும் வாழ்வதுமில்லை. பூக்களை மட்டும் உதறிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்துடன் திரும்புவோர், சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பூஞ்சை படர்ந்து நிற்கும் காய்ந்த குச்சிகளையும் தொங்கும் சருகுக் கொத்துகளையும் ஒரு வெள்ளைத் தட்டின்மேல் தட்டிப் பார்ப்பதில்லை. பூஞ்சையை உண்ணும் இனங்கள் அங்கேதான் இருக்கின்றன. வெளிர்மஞ்சள் இனங்கள் வெள்ளைத் தட்டில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், கறுப்புத் தட்டு ஒன்றும் கையில் இருப்பது நல்லது.

தொடங்குவோருக்கு ஏற்ற இடம் குடியிருப்புப் பேட்டைகளின் ஆலமர இனத்து வேலிச்செடிகளே. வெற்றிலை மடித்ததுபோல நடுநரம்பையொட்டி மடிந்திருக்கும் இலையைப் பிரித்தால், கரிய முதிர்ந்த பூச்சிகளும் வெளிறிய இளம்பூச்சிகளும் முட்டைகளும் ஒன்றாகக் கிடைக்கும். இங்கே பலர் செய்யும் தவறு, மடிப்புக்குள் இருப்பவை அனைத்தும் அந்த மடிப்பை உண்டாக்கிய கைனைகோதிரிப்ஸ் என்று முடிவு செய்வது. அவற்றை வேட்டையாடும் சிறு நாவாய்ப்பூச்சிகளும், ஆண்ட்ரோதிரிப்ஸ் போன்ற வேறு இலைப்பேன்களும் அதே மடிப்பில் குடியிருக்கும். இலையைப் பிரித்ததும் எல்லாம் சிதறி ஓடும். கேமராவை முன்கூட்டியே ஆயத்தமாக்கிவிட்டுப் பிரிக்க வேண்டும்.

பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள உடலை முழுவதும் தெளிவாக்க நினைத்துத் லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்கினால், ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மங்கும். மேலிருந்து ஒரே படம் எடுத்து நிறுத்துவதும் போதாது. உணர்கொம்பு, இறக்கையோரத்து மயிர்வரிசை, வயிற்று நுனி ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்க வேண்டும். நுனி குழாய்போல் நீண்டிருந்தால் அது இலைப்பேன்களின் இரு பெரும்பிரிவுகளில் ஒன்றான டியூபுலிஃபெரா துணைவரிசை. பெண்பூச்சியின் அடியில் ரம்பம்போன்ற முட்டையிடும் உறுப்பிருந்தால் மற்றப் பிரிவான டெரிப்ரான்ஷியா.

நிறத்தையோ, அமர்ந்திருந்த செடியையோ நம்பி இனப்பெயர் எழுதுவதுதான், என் கருத்தில், எல்லாவற்றிலும் பெரிய பிழை. புதிதாக உருமாறிய பூச்சி வெளிறியே இருக்கும். காற்றில் அடித்துவரப்பட்டது எந்தச் செடியிலும் அமரும். இளம்பூச்சிகள் பலவற்றுக்கு இனப்பெயர் சொல்லவே இயலாது. முதிர்ந்த பூச்சிக்கும் கண்ணாடித் தகட்டில் பதித்து மயிர்களின் இருப்பிடத்தை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதி கிடைக்கும் என்பதால், படத்தை மட்டும் கொண்டு குடும்பப் பெயரோடு நிறுத்துவதில் வெட்கமில்லை. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மாதிரி எடுப்போர், தேசியப் பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் எடுத்துவரக் கூடாது. அனுமதி பெற்று எடுத்ததையும் செறிவு மிகுந்த ஆல்கஹாலில் இட்டால் உடல் விறைத்து, கால்களையும் உணர்கொம்புகளையும் விரிக்க முடியாமல் போகும்.